மூழ்குநரின் அழுத்தக்குறைவு நோய்: நோயறிதலும் சிகிச்சையும்

ஆழ்கடலில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும் மூழ்குநரின் குருதியிலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால் அது குமிழ்களாகப் பிரிகிறது. பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் இதனை 1878இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காரணம் அன்றே தெளிவாகியும், நோயை உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை இன்றும் இல்லை.

ஆகவே நோயறிதல் வினவலையும் உடற்பரிசோதனையையுமே சார்ந்துள்ளது. மூழ்கிய ஆழம், நேரம், மேலேறிய வேகம், அறிகுறி தோன்றிய பொழுது ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். தோள் அல்லது முழங்கை வலி மட்டும் இருப்பின், உபகரணம் சுமந்ததால் வந்த தசைப்பிடிப்பு என மூழ்குநரே ஒதுக்கிவிடுவதுண்டு. காலத்தாழ்வு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கால் மரத்தல், நடைத் தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை ஆகியன தண்டுவடப் பாதிப்பைச் சுட்டும். அட்டவணைப்படியே மேலேறினேன் என்னும் கூற்றும், ஊடுகதிர்ப் படத்தில் குமிழ் தென்படாமையும் நோயை மறுக்கப் போதிய சான்றுகள் அல்ல.

ஐயம் எழுந்தவுடன் நூறு விழுக்காடு ஆக்ஸிஜன் அளித்தல் வேண்டும். அது நைட்ரஜன் வெளியேறுவதை விரைவுபடுத்தும். அதனால் வலி தணிந்தாலும் மிகை அழுத்த அறைக்கு அனுப்புவதைக் கைவிடலாகாது. அங்கே அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் சிகிச்சை அட்டவணை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. 18 மீட்டர் ஆழத்திற்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கும் அதன் அடிப்படைக் கால அளவு 285 நிமிடங்கள். மிகை ஆக்ஸிஜனே நஞ்சாகக்கூடும் என்பதால் இடையிடையே சாதாரணக் காற்று தரப்படும். வலியைப் போக்க மீண்டும் கடலில் மூழ்குவது மூழ்குநரிடையே உள்ள பழைய வழக்கம். நீரடியில் வலிப்போ மயக்கமோ நேர்ந்தால் அது உயிரைப் பறிக்கும். நோயாளியை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேர்ந்தால் இயன்றவரை தாழப் பறத்தல் வேண்டும். உயரம் கூடும்போது புற அழுத்தம் குறைந்து குமிழ்கள் விரிவடையும்.