கைது செய்யப்பட்டவனும் கடவுளின் சாயலே

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பங்குகளில் தென்மாவட்டக் குடும்பங்கள் ஏராளம். முத்துநகர் விரைவுவண்டி எத்தனை பேரை இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறது! ஆகவே, 2020 சூன் மாதம் சாத்தான்குளத்தில் நேர்ந்தது நம் பகுதியினருக்கு அயலூர்ச் செய்தியாக இருக்கவில்லை.

ஊரடங்கு நேரம் கடந்தும் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார் என்று சூன் 19 மாலை வணிகர் ஜெயராஜைக் காவலர் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். தந்தையைத் தேடிப்போன மகன் பென்னிக்சும் திரும்பவில்லை. இரவெல்லாம் அடி. மறுநாள் இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22-ஆம் நாள் இரவு மகன் மாண்டார், விடிந்ததும் தந்தை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி விசாரிக்கச் சென்ற நடுவரிடம், அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சி நடுங்கியபடியே, கண்டதைக் கண்டவாறு கூறினார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததென்று அவர் சொன்னது வழக்கின் போக்கையே மாற்றிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் சி.பி.ஐ. 9 காவலர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

நாடே கொதித்தது, உண்மை. ஆயினும் 2025 சூனில், நகை காணாமற்போன புகாரின்பேரில் விசாரிக்கப்பட்ட மடப்புரம் கோவில் காவலாளி ஒருவர் அடிபட்டே இறந்தார்.

இவை ஏன் தொடர்கின்றன? லத்தியை ஓங்கும் கை ஒன்றுதான். அதற்குக் கைதட்டும் கைகள் பல. பிடிபட்டவர் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி, "குளியலறையில் வழுக்கி விழுந்தாராம்" என்று நகைப்பது நம் இல்லங்களிலும் நடக்கிறது. "நாலு சாத்து சாத்தினால் உண்மை தானாக வரும்" என்று செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வோரும் உளர். அடிக்கு அஞ்சி வருவது உண்மையன்று. அடிப்பவன் கேட்க விரும்புவதே வரும். அதனாலன்றோ, காவலரிடம் அளிக்கும் ஒப்புதலை 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் குற்றத்துக்குச் சான்றாக ஏற்கவில்லை, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் ஏற்கவில்லை!

நம் ஆண்டவரும் காவலில் அடிபட்டவரே. தலைமைக்குருவின் முன் கட்டுண்டு நின்றபோது காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்ததையும், தாம் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக் காட்டும்படியும், இல்லையேல் அடித்த காரணத்தைச் சொல்லும்படியும் அவர் கேட்டதையும் அருளப்பர் எழுதியுள்ளார். மறு கன்னத்தைப் பற்றிப் போதித்தவர் இங்கே நியாயம் கேட்கிறார். எருசலேமில் சாட்டையடிக்கெனக் கட்டப்பட்ட சின்னப்பரும் தம் உரோமைக் குடியுரிமையை எடுத்துரைத்துத் தப்பினார். உரிமையைக் கேட்பது தாழ்ச்சிக்கு முரணென்று நினைப்போர் இவ்விரு பகுதிகளையும் மீண்டும் வாசிப்பார்களாக.

இது குறித்துத் திருச்சபையின் வரலாறும் மாசற்றதன்று. அதை மறைப்பதில் பயனில்லை. 866-இல் பாப்பரசர் முதலாம் நிக்கோலாஸ், அடித்து வாக்குமூலம் பெறும் வழக்கத்தைக் கண்டித்துப் பல்கேரியருக்கு எழுதினார். ஆனால் 1252-இல் நான்காம் இன்னொசென்ட் பதித விசாரணையில் அதற்கே இடமளித்தார். பழங்காலத்தில் இக்கொடுமையைத் திருச்சபையின் மேய்ப்பர்கள் போதிய அளவு எதிர்க்கவில்லை என்பதை 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் ஒளிக்காமல் கூறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உடல், உள வதைகளை வெட்கக்கேடானவை எனக் கண்டித்ததோடு, வதைபடுவோரைவிட வதைப்போரையே அவை அதிகம் கறைப்படுத்துகின்றன என்றும் உரைத்தது.

அந்தக் கடைசிக் கருத்து காவலர் குடும்பங்களுக்கும் உரியது. தாம்பரம் 2022 முதல் தனிக் காவல் ஆணையரகமாக இயங்குகிறது. சீருடை அணிந்து பணிக்குப் போகும் தந்தையும் மகளும் நம் திருப்பலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். தம்மிடம் வந்த படைவீரரை ஸ்நாபக அருளப்பர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பறிக்காமலும், பொய்க்குற்றம் சாட்டாமலும், கூலியோடு நிறைவடையும்படியுமே சொன்னார்.

குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடிபட்டிருந்தால் அவரிடமே சொல்லலாம், காயத்தைக் காட்டலாம். டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவர் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இவ்விதிகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டுமென்பதும் அத்தீர்ப்பின் கட்டளையே.