கன்னப்பையும் சுருக்குப்பையும்: வாய்ப் புற்றுநோய் ஆய்வில் விலங்குகள்

"நான் பொகையில போடுறதில்லப்பா, வெறும் வெத்தில பாக்குதான்." கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதை ஏதாவது ஒரு பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். மாணவர்களும் உடல்நலக் கட்டுரையில் 'புகையிலை புற்றுநோயை உண்டாக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாக்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் 1993-94இல் மலேசியாவில் நடந்த நாடு தழுவிய வாய்நல ஆய்விலேயே, புற்றுக்கு முந்திய வாய்ப் புண்கள் இந்தியர்களிடமும் சபா, சரவாக் பூர்வகுடியினரிடமும் அதிகம் என்று தெரிந்துவிட்டது.

பாக்கு மட்டும் குற்றவாளியா, புகையிலையா? மனிதரைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்வது கடினம். ஒரே வாயில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்ந்து போகின்றன. சிலருக்குச் சம்சுவும் சேரும். யாரையும் கூப்பிட்டு, "இருபது வருஷம் இதை மட்டும் மெல்லுங்க, பாப்போம்" என்று சொல்லவும் முடியாது. அங்கேதான் விலங்கு மாதிரி தேவைப்படுகிறது. மனித நோயைப் போன்ற ஒரு நோயை விலங்கின் உடலில் வரவழைத்து, அது வளரும் விதத்தைக் கவனிப்பதற்கே இந்தப் பெயர்.

இதில் பேர்போனது சிரியத் தங்கநிற ஹாம்ஸ்டர். எலியின் உறவுக்காரப் பிராணி. தீனியைச் சேர்த்துவைக்க இரண்டு கன்னத்திலும் பை இருக்கும், பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பை மாதிரி. அந்தப் பையை வெளியே திருப்பிப் பார்க்கலாம், மருந்தும் தடவலாம். 1954இல் அமெரிக்கரான சாலி, டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளை இதில் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார். இன்று வழக்கமான முறையில், 0.5 விழுக்காட்டு டி.எம்.பி.ஏ. வாரத்திற்கு மூன்று முறை, சுமார் 14 வாரம் தடவப்படுகிறது. முதலில் மேல்தோல் தடிக்கும். பிறகு செல்கள் பெருகும், வடிவம் கெடும். கடைசியில் கட்டுக்கு அடங்காமல் உள்ளே ஊடுருவும். மனித வாயிலும் ஏறக்குறைய இதே படிகள்தான். அங்கே பல ஆண்டுகள் எடுப்பது இங்கே சில மாதத்தில் நடந்துவிடுகிறது. மாணவர்களே, 'படிநிலை வளர்ச்சி' என்ற தொடருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாக்கைச் சோதித்த கதை இவ்வளவு சுலபமாகப் போகவில்லை. 1960இல் சிங்கப்பூர் வெற்றிலைப் பாக்கின் சாற்றை மியூர், கர்க் என்ற இருவர் சுண்டெலியின் காதில் தடவிப் பார்த்தார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் பாக்கை ஹாம்ஸ்டரின் கன்னப்பைக்குள் வைத்தும் கட்டி வரவில்லை. 1966இல் சுண்ணாம்பை மட்டும் திரும்பத் திரும்பத் தடவியதில் செல்கள் இயல்பு மாறின. 1971இல் பாக்கை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத் தடவியபோதுதான் புற்றே வந்தது. கரைப்பானையும் அளவையும் மாற்றினால் விடையும் மாறுகிறது! ஒரே சோதனையை நம்பக்கூடாது என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

1985இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கையே புற்றுக்குக் காரணம் என்றது. புகையிலை இல்லாததற்குச் சான்று போதாது என்றது. 2004இல் வெளிவந்த அறிக்கை அதை மாற்றியது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும், முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியான வகையில், வைக்கப்பட்டன. புகையிலையில்லாமல் மெல்லும் தைவான் மக்களின் தரவு அதற்குப் பெரிதும் உதவியது. ஆகவே பாட்டி சொன்னது சரியில்லை.

சிதம்பரம் அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை இந்த ஹாம்ஸ்டர் முறையைப் பல ஆண்டுகள் கையாண்டு வருகிறது. 2009இல் 'சிங்கப்பூர் மருத்துவ இதழில்' வந்த அவர்களுடைய கட்டுரை, மஞ்சளிலுள்ள குர்குமினும் மிளகிலுள்ள பைப்பரினும் ஹாம்ஸ்டரில் கட்டி வராமல் தடுத்ததாகச் சொல்கிறது. உடனே வாட்ஸ்அப்பில் 'ரசம் குடிச்சா கேன்சர் போயிடும்' என்று அனுப்பிவிடுவார்கள். இது எரிச்சலூட்டும் விஷயம். அங்கே கொடுத்தது அளந்தெடுத்த சத்து, நாம் ரசத்தில் போடும் சிட்டிகை அல்ல. கட்டி வருமுன் தடுப்பதும், வந்த கட்டியைக் கரைப்பதும் வேறுவேறு. நம் வீட்டு ஆட்கள் இதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஆறு மாதம் கடத்தினால் என்ன ஆகும்?

இந்த மாதிரிக்குக் குறைகளும் உண்டு. மனிதருக்குக் கன்னப்பை கிடையாது. வெற்றிலையில் டி.எம்.பி.ஏ. இல்லை. கன்னப்பையில் நிணநீர் வடிகால் குறைவு என்பதால், கழுத்துக் கட்டிகளுக்குப் பரவும் மனிதப் புற்றை அது சரியாகக் காட்டாது. அதனால் பலர், 4-என்.கியூ.ஓ. என்ற பொருளைக் குடிநீரில் கலந்து சுண்டெலியின் நாக்கில் புற்று வளர்வதைப் பார்க்கிறார்கள். மலேசிய நோயாளிகளின் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட ஓ.ஆர்.எல். செல் வரிசைகளும் இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ளன. அங்கே கேட்கும் சில கேள்விகளுக்கு விலங்கே வேண்டாம்.

'விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?' என்ற விவாதக் கட்டுரைக்கு 1959இல் ரசல், பர்ச் சொன்ன மூன்று கொள்கைகள் கைகொடுக்கும்: மாற்று வழி தேடல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைக் குறைக்கும்படி முறையைச் செம்மைப்படுத்தல். சான்று காட்டும்போது 'ஹாம்ஸ்டருக்கு வந்தது, அதனால் மனிதருக்கும் வரும்' என்று எழுதினால் தர்க்கம் உடைந்துவிடும். 'ஹாம்ஸ்டரில் கண்டதை மனிதத் தரவும் உறுதிசெய்தது' என்று எழுதுங்கள்.