திட்டு வேறு, ஆலோசனை வேறு

பரிசோதனைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்து, காபியில் சீனியை நிறுத்திவிடும் சர்க்கரை நோயாளிகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. மருத்துவர் திட்டுவாரே என்ற பயம்தான் காரணம். வெறும் வயிற்று அளவு ஓரளவு அடங்கித் தெரியும். ஆனால் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் உண்மை வெளிவந்துவிடும். இப்படி ஒளிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. "வாயைக் கட்ட மாட்டீங்களா?" என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் கேட்டுக் கேட்டுக் குன்றிப்போனவர்கள் அவர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மனச்சோர்வு என்று சொல்ல முடியாத ஒரு சலிப்பும் உண்டு: தினமும் மாத்திரை, தினமும் கணக்கு, ஒரு நாளும் விடுப்பு இல்லை. அந்தச் சலிப்பு முற்றும்போது மருந்து தவறுகிறது, காலில் பட்ட காயம் கவனிக்கப்படாமல் போகிறது. ஆலோசனை இங்கேதான் சிகிச்சையின் பாதியாகிறது.

அச்சடித்த உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவது ஆலோசனை ஆகாது. ஊசி போடத் தொடங்கினால் கடைசிக் கட்டம் என்று நினைத்து இன்சுலினைத் தள்ளிப்போடுபவர் எத்தனையோ பேர். அந்தப் பயத்தை உட்கார்ந்து கேட்டு, உடலில் போதாமல் போன ஒன்றைத்தான் வெளியிலிருந்து தருகிறோம் என்று புரியவைக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்த்து, கை நடுங்கும்; உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இதை நோயாளியோடு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். சமைப்பவரையும் கூட அழைத்துப் பேசாத ஆலோசனை வீட்டு வாசலைத் தாண்டாது.

எனக்கு மிகவும் கவலை தருவது முதல் வகை சர்க்கரை நோயுள்ள இளம்பெண்களின் நிலை. கல்யாணம் தடைபடுமே என்று வீடே நோயை மறைக்கிறது. விருந்தினர் முன் ஊசி போடக் கூசி, ஒரு வேளை விட்டுப்போகிறது. இவர்களுக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என உயிருக்கே ஆபத்தாகிவிடும். மறைப்பதற்கு உதவுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

இந்தத் தவிப்பில்தான் "சர்க்கரையை வேரோடு நீக்குகிறோம்" என்ற விளம்பரங்கள் ஆளைப் பிடிக்கின்றன. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

மனநலச் சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. அங்கே சொன்னவற்றை, சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, ரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போகும் நாளில், தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம், "தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, ஊசி என்றால் பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி நீங்களே கேட்கலாம்.