காத்திருக்க நேரமில்லை, மெமரி கொடு!

நெட்வொர்க் வழியாக பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்கிறீர்கள். திடீரென்று மவுஸ் நகரவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை. வைரஸ் என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். அப்படி ஒரு கோளாறுக்கு ஒருமுறை நானே காரணமாகிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், லினக்ஸுக்கான நெட்வொர்க் கார்டு டிரைவர் ஒன்றைத் திருத்திக் கொண்டிருந்தேன். நெட்வொர்க்கில் தகவல் பாக்கெட் எனப்படும் துண்டுகளாக வரும். ஈத்தர்நெட்டில் ஒரு துண்டு வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும். இவற்றை வைக்க டிரைவர், கெர்னலிடம் மெமரி கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

'ஜிஎஃப்பி கெர்னல்' என்று கேட்டால், "இடம் இல்லையா, காத்திருக்கிறேன்" என்று பொருள். கெர்னல் அந்த வேலையைத் தூங்க வைத்துவிட்டு, வேறு எதையாவது அப்புறப்படுத்தி இடம் பிடித்துத் தரும். 'ஜிஎஃப்பி அட்டாமிக்' என்றால், "இருந்தால் இப்போதே கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு". இதற்கென்று கெர்னல் கொஞ்சம் மெமரியை ஒதுக்கி வைத்திருக்கும். பந்தியில் பரிமாறுபவர், சாம்பார் கொதிக்கும்வரை அடுக்களையில் நிற்க முடியுமா? தனியாக எடுத்து வைத்த பாத்திரத்தில் இருந்துதான் மொள்ள வேண்டும்.

பாக்கெட் வந்ததும் கார்டு பிராசஸரை இடைமறிக்கும். அந்த நேரத்தில் ஓடும் கோடு தூங்கவே கூடாது. நான் அங்கே போய் 'கெர்னல்' முறையில் கேட்டிருந்தேன். என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் மெமரி தாராளம். காத்திருக்கும் அவசியமே வராததால் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளரிடம் இருந்ததோ மெமரி குறைந்த கம்ப்யூட்டர். பேக்கப் எடுக்கும் நேரம் பார்த்து உறைந்துவிட்டது. லாகில் 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்ற செய்தி.

பயத்தில் எல்லா இடத்திலும் 'அட்டாமிக்' என்று மாற்றினேன். உறைவது நின்றது. ஆனால் மெமரி குறைந்த சமயங்களில் கார்டு ஸ்டார்ட் ஆகவே மறுத்தது! சீனியர் ஒருவர் ஸ்டார்ட் ஆகும் பகுதியைக் காட்டி, "இங்க உனக்கு என்னப்பா அவசரம்?" என்றார். உண்மைதான், அங்கே நிதானமாகக் காத்திருக்கலாம். அதை மட்டும் பழையபடி 'கெர்னல்' ஆக்கினேன்.

கெர்னலில் இந்தத் தவறைப் பிடிக்கவே ஒரு சோதனை வசதி உண்டு. மெமரி தாராளமாக இருந்தாலும் எச்சரிக்கும். அதை ஆன் செய்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன்.

உங்கள் லினக்ஸ் லாகில் 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்' என்ற வரியோடு 'அட்டாமிக்' என்ற சொல்லும் தென்பட்டால் பதற வேண்டாம். நெட்வொர்க் டிரைவரில் இருந்து வந்ததென்றால், பெரும்பாலும் ஒரு பாக்கெட் தவறியிருக்கும். ஃபைல் காப்பி டிசிபி முறையில் நடந்தால் அது மீண்டும் அனுப்பப்படும். அடிக்கடி வந்தால் மட்டும் ராம் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.