ஐ7 வில்லையை நம்பி வாங்கலாமா?

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காகப் பழைய மடிக்கணினியைத் தனியாரிடம் வாங்கும் பெற்றோர் பலர், "கோர் ஐ7" என்ற வில்லையைக் கண்டதும் பணத்தை எடுத்துவிடுகின்றனர். வில்லையை யாரும் ஒட்டலாம். அது அசலாகவே இருந்தாலும், எந்த ஐ7 என்பதுதான் கேள்வி.

2016இல் வெளிவந்த ஐ7-7500யூ செயலிக்கு இரண்டே மையங்கள். மறு ஆண்டு வந்த ஐ7-8550யூ செயலிக்கு நான்கு. இவற்றில் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். இண்டல் செயலிகளில், ஓரிரு விதிவிலக்கு நீங்கலாக, 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஓர் இலக்கம் குறைந்தால் வாங்கிய அன்றே கணினி பழசு!

விண்டோஸ் காட்டும் செயலியின் பெயரையும் திருத்திவிட முடியும். எனவே கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும்போதே எஃப்2 போன்ற விசையை அழுத்தி (விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்), பயாஸ் திரையில் முழு எண்ணையும் பார்ப்பது நல்லது. பிறகு டாஸ்க் மேனேஜரில் மையங்களை எண்ணிக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான். அதற்கும் விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு இடம் பார்ப்பதே மேல். மெல்லிய மடிக்கணினிகளில் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.