வாளைக்கு ராத்தூண்டில்

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்து மணல்திட்டுகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டால் ஆழம் மிஞ்சியிருப்பது மடுக்களில்தான். கரை அரித்து வேர்கள் தொங்கும் இடம், பாலத்தூணின் அடி, மதகுக்குக் கீழே தண்ணீர் குடைந்த பள்ளம். பகலெல்லாம் அந்த நிழலில் அசையாமல் கிடந்துவிட்டு, இருட்டியதும் இரை தேடிக் கிளம்பும் மீன் வாளை. மீன் கடையில் வெள்ளித் தகடு போலத் தொங்குகிறதே, அது கடல் வாளை, வேறு சாதி. ஆற்று வாளை கெளுத்திகளின் சுற்றத்தைச் சேர்ந்தது. வாலாகோ அட்டு என்பது அறிவியல் பெயர். உடம்பில் செதில் கிடையாது. வாயின் பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். ஒரு மீட்டருக்கு மேலும் நன்றாகவே வளரும்.

இதற்குப் போடும் தூண்டிலோடு ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. சாயங்காலம் கட்டிவிட்டு வந்து, நடுச்சாமத்தில் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் போய்ப் பார்ப்பார்கள். சிறுவயதில் மாமாவோடு அணைக்கரைப் பக்கம் இந்த வேலைக்குப் போயிருக்கிறேன். தூண்டில் கட்ட அவருக்கு அரை மணி நேரம் போதும். பிற்பகல் முழுவதும் இரை பிடிப்பதிலும் அதைச் சாகாமல் வைத்திருப்பதிலுமே கழியும். ஏன் இவ்வளவு பாடு, கோழிக்குடலைக் கோத்துப் போட்டால் ஆகாதா என்று அப்போது எனக்குத் தோன்றும். மீன்களின் புலன்களைப் பற்றிப் படித்த பிறகுதான் மாமா செய்தது விளங்கியது.

கெளுத்திக் குடும்பங்களுக்கு உடம்பே நாக்கு. அமெரிக்க ஆறுகளில் வாழும் ஒரு கெளுத்தியின் தோலில், மீசையில், துடுப்பில் எல்லாமாக ஒரு லட்சத்துக்கும் மேல் சுவை மொட்டுகள் உண்டு. கோழிக்குடலும் மண்புழுவும் அந்தப் புலனைத்தான் கூப்பிடுகின்றன. நீரோட்டத்தில் கரைந்து வரும் வாடையை மோப்பம் பிடித்து மேல்நோக்கி வந்து, மீசையால் தடவிப் பார்த்து வாயில் எடுக்கும். சின்னக் கெளுத்திகளுக்கு அது போதும். ஓடுகிற மீனை இருட்டில் துரத்திப் பிடிக்கும் வாளைக்கு வேறொரு வித்தை வேண்டும்.

அந்த வித்தையை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் ஆற்றுக் கெளுத்தி. நம் வாளையும் அதே குடும்பம்தான். கும்மிருட்டில் தொட்டிக்குள் கப்பி மீன்களை நீந்தவிட்டுக் கெளுத்தியின் வேட்டையைப் படம்பிடித்தார்கள். அது இரையை நோக்கி நேராகப் பாயவில்லை. இரை எந்த வளைவில் போயிருந்ததோ அதே வளைவில், பின்னாலேயே போய்ப் பிடித்தது. நீந்தும் மீன் வாலடித்துப் போகிற வழியில் தண்ணீர் சிறு சிறு சுழிகளாகச் சில வினாடிகள் கலங்கிக் கிடக்கும். அந்தத் தடத்தை வாசித்துக்கொண்டே கெளுத்தி போயிருக்கிறது. அடுத்து வந்த சோதனைகளில், உடம்பின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பைச் செயலிழக்கச் செய்தபோது வேட்டை குலைந்துபோனது. நீரின் அசைவை உணர்வது அந்த உறுப்புதான்.

இதோடு மின்சாரமும் உண்டு. உயிருள்ள உடம்பைச் சுற்றித் தண்ணீரில் மிக மெல்லிய மின்புலம் இருக்கும். கெளுத்திகளின் தோலில் அதை உணரும் நுண்குழிகள் இருக்கின்றன. 1917-லேயே அமெரிக்காவில் பார்க்கர், வான் ஹியூசன் என்ற இருவர் கண்ணைக் கட்டிய கெளுத்தியிடம் கண்ணாடிக் குச்சியையும் உலோகக் குச்சியையும் கொண்டுபோனார்கள். கண்ணாடி தொட்டால்தான் அதற்குத் தெரிந்தது. உலோகம் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போதே மீன் திரும்பியது. உலோகம் நீரில் உண்டாக்கும் சிறு மின்னோட்டமே காரணம்.

தூண்டிலில் செத்த மீனிடம் சுழியும் இல்லை, துடிப்பும் இல்லை. மாமா பிற்பகல் முழுவதும் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த இரண்டையும்தான்.

இரைக்கு முழங்கால் ஆழ மணல்பரப்பில் வீச்சு வலை போடுவார். வட்டமாக விரிந்து விழும் வலை அது. ஓரம் முழுக்க ஈயமணி கோத்திருக்கும். சிறுகண் வலை வேண்டும். கண் பெரிதானால் கெண்டைக் குஞ்சு அதில் செவுளை மாட்டிக்கொண்டு செதில் உரிந்துபோகும். வலையை இழுத்து மணலில் கொட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. தண்ணீருக்குள்ளேயே மடியைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுப்பார். நான் கையை நீட்டினால் உடனே குரல் வரும். “கைய நனச்சுக்க தம்பி. காஞ்ச கையோட தொடாத.”

மீன்மேல் இருக்கிற வழவழப்பு அதன் காவல். உலர்ந்த கை பட்டால் அது உரிந்து வரும். கெண்டை வகை மீன்களின் தோலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கும். கூட்டத்தில் மற்ற மீன்கள் அதை உணர்ந்து மிரண்டு சிதறும். கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் இதை விவரித்தார். வாளிக்குள் ஓட இடம் ஏது? அடிபட்ட மீனை மாமா உடனே வெளியே எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் “மத்ததும் பதறிச் செத்துப்போகும்” என்பார். ஃபிரிஷ் பெயரை அவர் கேட்டதே கிடையாது.

வாளியைவிட அகன்ற வாய்ப் பானை நல்லது. காற்று நீரில் கலப்பது மேற்பரப்பு வழியாக. மண்பானை கசிந்து குளிர்வது அதைவிடப் பெரிய உதவி. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயிலில் வைத்த பிளாஸ்டிக் வாளியில் அரை மணியில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதற்கு இதுவே காரணம்.

எந்த மீனை எங்கே கோப்பது என்பதிலும் நுணுக்கம் உண்டு. குறவை கெட்டி உயிர், பானையில் சாகவே சாகாது. ஆனால் அது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். ஈயம் கட்டி அடியில் இறக்கினால், தண்ணீரிலேயே வாழும் அந்த மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மேல்மட்டத்தில் தொங்கும் தூண்டிலுக்குத்தான் குறவை. அடித்தூண்டிலுக்குக் கெண்டை. முள்ளை முதுகுத் துடுப்புக்குக் கீழே, தண்டுவடத்தில் படாமல் சதையில் மட்டும் ஏற்ற வேண்டும். நீர் இழுக்கும் இடமானால் உதட்டில் கோப்பது மேல். அப்போதுதான் மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், செவுளுக்குத் தண்ணீர் போகும்.

கட்டுவது எளிது. ஒரு நீளக் கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளை நரம்புகள், ஒவ்வொன்றின் முனையிலும் முள். இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதிக்கும் குறைவாகக் கிளையின் நீளம் இருந்தால் ஒன்றோடொன்று சிக்காது. கயிற்றின் நுனியை அசையாத முளையில் கட்டக் கூடாது. வளைந்து கொடுக்கும் பச்சை மூங்கிலில் கட்ட வேண்டும். வாளை திமிறும்போது மூங்கில் வளையும், அது ஓயும்போது நிமிரும். பிடிப்பு இறுகலாக இருந்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும்.

அணைக்கரை வட்டாரக் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. ஆகவே பொழுது சாய்வதற்குள் இரை பிடிக்கும் வேலை முடிந்துவிடும். இருட்டில் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை.

உயிர் மீனை முள்ளில் ஏற்றும்போது எனக்கு மனம் கூசும், இப்போதும் கூசுகிறது. ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் இதைத் தடை செய்திருக்கிறார்கள். வாளைக்கும் இப்போது போதாத காலம். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. மணல் அள்ளி ஆற்றின் உருவமே மாறிப்போனது. வெடி, விஷம், மின்கம்பி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றோடு பார்த்தால் பத்து முள் தூண்டில் ஆற்றைக் காலி செய்யாது. ஆனாலும் கட்டிவிட்டு மறந்துபோன தூண்டில் வீண் கொலை. முட்டை சுமக்கும் மழைக்காலத் தொடக்கத்தில் வாளையை விட்டுவிட வேண்டும். வேறோர் இடத்து மீனை இரைக்காகக் கொண்டுவரவே கூடாது. மிஞ்சியதை ஆற்றில் கொட்டினால் அன்னிய மீன் குடியேறிவிடும். இந்தியாவில் வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் பரவியிருப்பது போதாதா?

விடியலில் மாமா கயிற்றை விரலால் தொட்டுப் பார்ப்பார். எடை இருந்தால் மூங்கில் முன்பே சொல்லியிருக்கும். பெரும்பாலான நாட்களில் வாளை இருக்காது. முள்ளில் கெண்டை மட்டும் இன்னும் உயிரோடு செவுள் அசைத்துக்கொண்டிருக்கும். கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, கரையோரத் தண்ணீரில் விடுவார். ஒரு கணம் சாய்ந்து நின்றுவிட்டு அது ஓடும். போன வழியில் தண்ணீர் கொஞ்ச நேரம் சுருண்டுகொண்டிருக்கும்.