கடனே வாங்காதவருக்கு மைனஸ் ஒன்றா? சிபில் ஸ்கோரை முதன்முறையாக உருவாக்குவது எப்படி?

"ஒருத்தர்கிட்டயும் ஒத்த ரூபா பாக்கி வச்சதில்ல தம்பி. அதுக்கா மைனஸ்?"

போன வருடம் வங்கிக் கவுன்ட்டரில் என் அம்மா கேட்ட கேள்வி இது. விருதுநகர் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் 22 வருடங்களாகத் தையல் மெஷின் மிதிக்கிறார். ஓவர்லாக் மெஷினும், மோட்டார் வைத்த மெஷின் ஒன்றும் வாங்க 60,000 ரூபாய் தேவைப்பட்டது. அங்கிருந்த இளைஞர் பான் எண்ணைத் தட்டிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் -1.

"உங்க மேல தப்பு எதுவும் இல்லம்மா. ஆனா, ஹிஸ்டரியே இல்ல. இதை வச்சு மேல அனுப்ப முடியாது" என்றார்.

பஸ்ஸில் அம்மா எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதமே ஆசைப்பட்டு இ.எம்.ஐ-யில் போன் வாங்கியவள் நான். எனக்கு 750-க்கு மேல் ஸ்கோர் இருக்கிறது!

எதுவெல்லாம் கணக்கில் வராது?

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. -1 என்றால் 300-க்கும் கீழே என்று அர்த்தமில்லை. கணக்கிட எதுவுமே இல்லை என்று அர்த்தம். சில ரிப்போர்ட்டுகளில் 'என்.ஹெச்' என்றும் இருக்கும். 'சிபில்' என்பது பேச்சுவழக்கில் பொதுப்பெயர் ஆகிவிட்டாலும், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என இன்னும் மூன்று நிறுவனங்களும் நம் கடன் விவரங்களைச் சேகரிக்கின்றன.

இவற்றுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவல்தான் ஸ்கோருக்கு அடிப்படை. அம்மா தெருச் சீட்டில் ஒரு மாதம்கூட தவணை தவறியதில்லை. அது எங்கும் பதிவாகவில்லை. சேமிப்புக் கணக்கு, ஜிபே, டெபிட் கார்டு எதுவும் ஸ்கோரைத் தராது.

எனக்கு ரொம்பவே வலித்த விஷயம், நகை. என் காலேஜ் ஃபீஸுக்காக அம்மாவின் செயின் மூன்று முறை அடகுக்கடைக்குப் போய் வந்தது. மூன்று முறையும் வட்டி கட்டி மீட்டார். அதே செயினை வங்கியில் வைத்திருந்தால் நகைக்கடனாகப் பதிவாகி, அன்றே அவருக்கு ஒரு ஹிஸ்டரி தொடங்கியிருக்கும். தெருமுனைக் கடையில் வைத்ததால் அந்த நாணயத்துக்குச் சாட்சி, கடைக்காரரின் நோட்டு மட்டும்தான்.

20,000 ரூபாயில் ஒரு தொடக்கம்

நாங்கள் தேர்ந்தெடுத்த வழி, ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. வருமானச் சான்றோ, பழைய ஸ்கோரோ இல்லாதவர்களுக்கும் பல வங்கிகள் இதைத் தருகின்றன. பெரும்பாலும் டெபாசிட்டில் 75 முதல் 90 சதவிகிதம் வரை லிமிட் கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். அம்மா பெயரில் 20,000 ரூபாய் போட்டோம். 16,000 ரூபாய் லிமிட்டில் கார்டு வந்தது.

"கடன் இல்லைன்னு காட்ட, கடன் வாங்கணுமாக்கும்!" என்று அதை ஒரு வாரம் பீரோவிலேயே வைத்திருந்தார்.

பிறகு லைனிங் துணி, நூல், கொக்கி வாங்க மட்டும் கார்டு என்று முடிவானது. மாதம் மூவாயிரத்தைத் தாண்டாது. லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் செலவைவைத்திருப்பது நல்லது என்பார்கள். பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்டிவிடுவோம்.

அந்த 'முழு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை கண்ணில்படும். அதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாதுதான். ஆனால், மிச்சத்துக்கு வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதத்துக்கு 3 சதவிகிதத்துக்கும் மேல். கார்டைத் தேய்த்து ஏ.டி.எம்-மில் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி.

ஒரு வங்கி மறுத்த கோபத்தில் நாலைந்து இடங்களில் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதும் தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது. நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் நாம் வாங்காத கடன் ஏதாவது இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 'அஞ்சு நாள்ல ஸ்கோரை ஏத்தித் தர்றோம்' என்று போன் செய்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள்.

ஹிஸ்டரி இல்லை என்று மறுக்கலாமா?

முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, ஹிஸ்டரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 2025 ஆகஸ்ட்டில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார். குறைந்தபட்ச ஸ்கோர் என எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். அதற்காகக் கேட்டவுடன் கடன் கிடைத்துவிடாது. வருமானம், திருப்பிக் கட்டும் திறன் ஆகியவற்றைப் பார்த்து வங்கி முடிவெடுக்கும். மறுத்தால், காரணத்தை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அன்று கவுன்ட்டரில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஏழாவது மாதம் அம்மாவின் ரிப்போர்ட்டில் -1 மறைந்து, 738 வந்தது. போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

ஓவர்லாக் மெஷின் அதற்குள் சீட்டுப் பணத்தில் வந்துவிட்டது. "மோட்டார் மெஷினுக்குத் தை மாசம் பேங்குக்குப் போவோம். அந்தத் தம்பிகிட்டயே போவோம்" என்கிறார் அம்மா.